புகார் எண்ணுக்குப் பின்னால் நடப்பது என்ன?

பழைய புகார்களைத் தேடும் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் வாடிக்கையாளர் அறிய வேண்டியவையும்

வங்கியில் ஒரு புகாரைப் பதிவு செய்தவுடன் நம் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதில் நீண்டதோர் எண் இருக்கும். வாடிக்கையாளர் பலர் அதனை ஒப்புகைச் சீட்டாகக் கருதிப் பாதுகாத்து வைக்கின்றனர். அது சரியே. ஆயினும் வங்கியின் உள்ளே அவ்வெண்ணின் பணி வேறு. பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் பக்க எண் இருப்பதைப் போல, ஒவ்வொரு குறைக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்த அனைத்தையும் அப்பக்கத்தில் சேர்ப்பதற்கான அடையாளம் அது.

இத்தகைய பக்கங்கள் ஒரு பெரிய வங்கியில் ஆண்டுதோறும் ஏராளமாகச் சேர்கின்றன. அண்மைக்காலம் வரை அவற்றைத் திரும்பிப் புரட்டிப் பார்த்தவர்கள் ஊழியர்கள் மட்டுமே. இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்களும் அவற்றைத் தேடிப் படிக்கும் காலம் வந்திருக்கிறது. உலகெங்கும் வாடிக்கையாளர் சேவைத் துறையில் இவ்வகைத் தேடுகருவிகள் பயன்பாட்டுக்கு வருகின்றன. வங்கித் துறையும் இதற்கு விலக்கன்று. இக்கருவி எவ்வாறு செயல்படுகிறது, எங்கே தவறக்கூடும், அத்தவறு நம் பணத்தைத் தொடாமலிருக்க நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புகார்ப் பதிவில் என்ன இருக்கிறது?

ஒரு புகார்ப் பதிவில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது, கட்டங்களில் நிரப்பப்படும் விவரம்: நாள், நேரம், கிளை, கணக்கு வகை, பரிவர்த்தனை வழி, தொகை, குறையின் வகை, தற்போதைய நிலை. இரண்டாவது, தொடர்ச்சியாக எழுதப்படும் உரை: வாடிக்கையாளர் எழுதியது, அழைப்பு மைய ஊழியர் குறித்தது, கிளை அனுப்பிய விளக்கம், இறுதியில் வழங்கப்பட்ட தீர்வு.

பேரேட்டின் மொழியில் கூறினால், முதற்பகுதி பற்று வரவுக் கட்டங்களைப் போன்றது. இரண்டாம் பகுதி விவரக் குறிப்பைப் போன்றது. கட்டங்களைக் கணினி எப்போதும் எளிதாகக் கையாண்டது. ‘மார்ச் மாதத்தில் ஏ.டி.எம். தொடர்பாக வந்த புகார்கள் எத்தனை?’ என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் விடை சொல்ல இயன்றது. ஆனால் விவரக் குறிப்பைப் படித்துப் பொருள் கொள்ள மனிதர் தேவைப்பட்டார். உண்மையான அனுபவ அறிவு பெரும்பாலும் அக்குறிப்புகளில்தான் புதைந்து கிடக்கிறது.

ஒவ்வொரு கிளையிலும் நீண்டகாலம் பணியாற்றிய ஒருவர் இருப்பார். ஓய்வூதியம் வரவு ஆகவில்லை என்று ஒருவர் வந்தால், ‘வாழ்நாள் சான்றிதழ் பதிவாகியிருக்கிறதா பாருங்கள், சென்ற நவம்பரிலும் இதே சிக்கல் வந்தது’ என்று அவர் உடனே சொல்வார். அவர் மாற்றலாகிச் சென்றால் அந்நினைவும் உடன் செல்கிறது. பழைய பதிவுகளைத் தேடும் கருவியின் நோக்கம், அத்தகைய நினைவை ஒருவரது மனத்தில் மட்டும் விடாமல் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக்குவதாகும்.

முகவர் என்பவர் யார்?

முகவர் என்றவுடன் நம்மில் பலருக்குக் காப்பீட்டு முகவர் நினைவுக்கு வருவார். இங்குக் குறிக்கப்படுவது மென்பொருள். கேள்விக்கு விடை மட்டும் கூறும் உரையாடல் செயலிக்கும் முகவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முகவருக்குச் சில கருவிகள் கொடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அதுவே தீர்மானிக்கும். பழைய புகார்களைத் தேடுவது ஒரு கருவி. பரிவர்த்தனையின் நிலையைப் பார்ப்பது மற்றொன்று. பதில் வரைவது இன்னொன்று.

புதிய புகார் ஒன்று வந்தவுடன் முகவர் அதைப் படித்து, அதைப் போன்ற பழைய புகார்களைத் தேடி எடுக்கிறது. அவற்றில் எது எவ்வாறு தீர்ந்தது என்பதைப் பார்த்து, ஊழியருக்கு ஒரு பரிந்துரையை முன்வைக்கிறது. சில இடங்களில் எளிய கேள்விகளுக்கு வாடிக்கையாளருக்கே நேரடியாகப் பதில் அளிக்கிறது. ஆகவே முகவரின் பதில் தரமாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அது தேடி எடுத்த பதிவுகளைப் பொறுத்தே அமைகிறது. தவறான பக்கத்தைப் புரட்டிய எழுத்தர் எவ்வளவு அழகாக எழுதினாலும் கணக்கு தவறாகத்தானே இருக்கும்!

தேடலின் இரு வழிகள்

பதிவுகளைத் தேட இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன.

முதல் வழி சொல்லைத் தேடுவது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தப் பதிவில் வருகிறது என்ற பட்டியலைக் கணினி முன்னரே உருவாக்கி வைத்துக்கொள்ளும். அரிய சொல்லுக்கு அதிக மதிப்பும், எல்லாப் பதிவுகளிலும் வரும் பொதுச் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து முடிவுகளை வரிசைப்படுத்தும். இவ்வழி விரைவானது, துல்லியமானது. ஆனால் ஒரே குறையை இருவர் இரு வேறு சொற்களில் எழுதினால் திணறிவிடும். ‘பணம் வரவில்லை’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘மெஷின் காசு தரல’ என்று மற்றொருவர் எழுதுகிறார். ‘கேஷ் டிஸ்பென்ஸ் ஆகவில்லை’ என்று ஊழியர் குறித்து வைக்கிறார். மூன்றும் ஒன்றே என்பது சொல்லடைவுக்குத் தெரியாது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். ‘பணம்’ என்ற சொல் பணத்தை, பணத்துக்கு, பணமும், பணமெடுக்க என்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். மேலும், கணினியில் ‘கொ’ போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல், கணினிக்கு இரண்டாகத் தெரியும். பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்வதும் உண்டு. இவற்றையெல்லாம் முதலில் ஒருசீராக்காவிடில் தேடல் பாதியிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வழி பொருளைத் தேடுவது. இதனைப் புரிந்துகொள்ள வரைபடத்தை எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஊரின் இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய இரண்டு எண்களால் குறிக்கிறோம். மும்பையின் எண்களும் தானேயின் எண்களும் மிக நெருக்கமாக இருக்கும்; டெல்லியின் எண்கள் விலகி நிற்கும். ஊர்ப்பெயர்களை அறியாதவர்கூட எண்களைக் கொண்டே எது அருகில், எது தொலைவில் என்று கூறிவிடலாம். அவ்வாறே ஒரு வாக்கியத்தின் பொருளைச் சில நூறு அல்லது சில ஆயிரம் எண்களைக் கொண்ட வரிசையாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஏராளமான உரைகளைப் படித்துப் பழகியதால், பொருளில் நெருங்கிய வாக்கியங்களுக்கு நெருங்கிய எண்வரிசைகளை அவை அளிக்கின்றன. ‘மெஷின் காசு தரல’ என்பதும் ‘கேஷ் டிஸ்பென்ஸ் ஆகவில்லை’ என்பதும் இந்த வரைபடத்தில் அண்டை வீடுகளாக அமையும். இந்திய மொழிகளுக்கு இத்தகைய மாதிரிகளை உருவாக்கும் ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடைபெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வகம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

எண்ணுக்கு அண்டை வீடு இல்லை

பொருளைத் தேடும் வழி வியப்பளிப்பதாயினும், வங்கிப் பணியில் அதற்குப் பெரியதொரு குறை உண்டு. எண்களில் ‘ஏறத்தாழ ஒன்றுபோல’ என்ற நிலையே கிடையாது. யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வழங்கப்படும் மேற்கோள் எண் 12 இலக்கங்கள் கொண்டது. என்.இ.எஃப்.டி. பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண் 16 எழுத்தெண்களும், ஆர்.டி.ஜி.எஸ். பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண் 22 எழுத்தெண்களும் கொண்டவை. கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்தெண்கள் கொண்டது. அதன் ஐந்தாம் இடத்தில் எப்போதும் சுழியம் வரும். இவற்றில் ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறொருவரின் பணம், வேறொரு கிளை. பொருள் வழித் தேடலுக்கோ 4,500 ரூபாயும் 5,400 ரூபாயும் நெருங்கிய உறவினர்களைப் போலத் தோன்றக்கூடும்.

மறுப்புச் சொற்களிலும் அது தடுமாறுவதுண்டு. ‘பணம் திரும்ப வந்தது’, ‘பணம் திரும்ப வரவில்லை’ ஆகிய இரு வாக்கியங்களும் ஒரே நிகழ்வைப் பற்றிப் பேசுவதால் அவற்றின் எண்வரிசைகள் அருகருகே அமைந்துவிடலாம். வாடிக்கையாளருக்கோ அவ்விரண்டும் எதிர் துருவங்கள்.

ஆதலால் நல்ல தேடுகருவிகள் இரு வழிகளையும் இணைத்தே பயன்படுத்துகின்றன. எண், நாள், கிளை, தொகை ஆகியவற்றை அச்சு மாறாமல் பொருத்திப் பார்க்கின்றன. குறையின் விவரிப்பைப் பொருள் வழியில் தேடுகின்றன. பிறகு இரு பட்டியல்களையும் சேர்த்து, மேலே வந்த சிலவற்றை மட்டும் மீண்டும் ஒருமுறை கவனமாகப் படித்து வரிசையைத் திருத்துகின்றன. முகவர் தன் பரிந்துரையுடன், எந்தெந்தப் பழைய பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் காட்ட வேண்டும். அப்போதுதான் ஊழியர் அவற்றைத் திறந்து சரிபார்க்க இயலும். போதிய ஒப்புமை இல்லையெனில் ‘பொருந்தும் பதிவு கிடைக்கவில்லை’ என்று கூறி ஊழியரிடம் ஒப்படைப்பதே முறை. எதையாவது சொல்லி முடிப்பது முறையன்று.

ஒரே வாக்கியம், இரு வேறு குறைகள்

தவறான தேடல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வாடிக்கையாளர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘ஏ.டி.எம். மூலம் 10,000 ரூபாய் என் கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளது. பணம் என் கைக்கு வரவில்லை.’

இவ்வாக்கியத்துக்கு இரு பொருள்கள் இருக்கலாம். அவர் இயந்திரத்தின் முன் நின்று அட்டையைச் செருகியும் பணம் வெளிவராமல் போயிருக்கலாம். அல்லது, அவர் வீட்டில் இருக்கும்போதே வேறு எவரோ போலி அட்டையைக் கொண்டு பணத்தை எடுத்திருக்கலாம். இரண்டிலும் அவர் எழுதியது உண்மையே.

முதல் நிலையில், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இயந்திரத்தின் மின்னணுப் பதிவேடும், பணம் நிரப்பும்போது எண்ணிப் பார்க்கையில் தென்படும் கூடுதல் தொகையும் உண்மையைக் காட்டிவிடும். இந்நிலையில் சில நாட்கள் பொறுத்திருப்பதால் நட்டம் ஏதுமில்லை.

இரண்டாம் நிலையில் பொறுத்திருப்பதே ஆபத்து. அட்டை முடக்கப்படும் வரை எஞ்சிய பணமும் போகலாம். பழைய பதிவுகளில் பணம் வெளிவராத நிகழ்வுகள் மிகுதியாக இருந்தால், தேடுகருவி அவற்றையே முதலில் எடுத்து வைக்கும். அவற்றைப் படித்த முகவர், ‘5 நாட்களுக்குள் தொகை தானாக வரவு வைக்கப்படும், காத்திருக்கவும்’ என்று பணிவாகப் பதில் எழுதும். பழைய பதிவுகளைப் பொறுத்தவரை அப்பதிலில் பிழையில்லை. இந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அது பெரும் பிழை.

முறையாக வடிவமைக்கப்பட்ட முகவர் இத்தகைய இடத்தில் தேடலை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்கும்: ‘அந்நேரத்தில் இயந்திரத்தைப் பயன்படுத்தியவர் தாங்களா? அட்டை தங்களிடம் இருக்கிறதா?’ விடை ‘இல்லை’ என்று வந்த கணமே அட்டையை முடக்கும் வேலை தொடங்க வேண்டும். புகார் மனிதரிடம் செல்ல வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் முதலிலேயே ‘இப்பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்று எழுதிவிட்டால், அக்கேள்விக்கே இடமில்லை. புகாரில் எழுத வேண்டிய வாக்கியங்களுள் இதுவே தலையாயது.

‘முடிக்கப்பட்டது’ என்பது ‘தீர்ந்தது’ ஆகுமா?

தேடுகருவியைப் பற்றி அறியும்போது வாடிக்கையாளர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. முகவர் பழைய பதிவுகளிலிருந்து பாடம் கொள்கிறது. ஒரு பதிவின் நிலை ‘முடிக்கப்பட்டது’ என்று இருந்தால், அதில் கூறப்பட்ட தீர்வு சரியானது என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் முடிக்கப்பட்ட புகார்கள் அனைத்தும் தீர்ந்த புகார்கள் அல்ல. சலித்துப்போய் வாடிக்கையாளர் பேசாமல் விட்டுவிட்டவையும் அவற்றுள் இருக்கும்.

நமக்கு வந்த பதில் பொருத்தமற்றது என்று தெரிந்தும் நாம் பேசாமல் இருந்துவிட்டால், அந்தத் தவறான பதில் ஒரு முன்னுதாரணமாகப் பதிவில் தங்கிவிடுகிறது. நாளை அதே குறையுடன் வரும் வேறொருவருக்கும் அதே பதில் கிடைக்க அது வழிசெய்யும். மாறாக, ‘இப்பதில் என் குறையைத் தீர்க்கவில்லை, காரணம் இது’ என்று இரண்டு வரி எழுதிப் புகாரை மீண்டும் திறக்கச் செய்தால், நம் உரிமையைக் காத்துக்கொள்வதுடன் பதிவேட்டின் பிழையையும் திருத்தியவர்கள் ஆகிறோம். தீர்வு கிடைத்தபோது ‘தீர்ந்தது’ என்று உறுதிப்படுத்துவதும் அதே அளவு பயனுள்ளது.

வங்கியின் பக்கத்திலும் கடமை உண்டு. விதிகள் மாறும்போது பழைய தீர்வுகள் காலாவதி ஆகின்றன. கட்டண விகிதமோ ஆவணத் தேவையோ மாறிய பின்னரும் முந்தைய பதிவையே மேற்கோள் காட்டினால் வாடிக்கையாளர் அலைக்கழிக்கப்படுவார். ஆகவே பதிவுகளின் காலத்தை எடைபோடுவதும், நடப்பிலுள்ள சுற்றறிக்கையைப் பழைய பதிவுக்கு மேலானதாக வைப்பதும் கருவியின் வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டியவை.

நம் விவரங்கள் பாதுகாப்பாக உள்ளனவா?

என் புகாரை ஒரு மென்பொருள் படித்து அதை மற்றொருவருக்குச் சொல்லிவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு மூன்று தடுப்புகள் தேவைப்படுகின்றன.

முதலாவது மறைப்பு. கணக்கு எண், அட்டை எண், ஆதார் எண், கைப்பேசி எண் போன்றவை தேடலுக்கான பதிவில் மறைக்கப்பட வேண்டும். ஒரு குறை எவ்வாறு தீர்ந்தது என்பதை அறிய, அது யாருடைய குறை என்பது தேவையில்லை.

இரண்டாவது அனுமதி எல்லை. ஊழியர் ஒருவர் பார்க்க அனுமதியில்லாத பதிவை, அவருக்காகத் தேடும் முகவரும் பார்க்க இயலாதவாறு இருக்க வேண்டும். அதிலும், வாடிக்கையாளருடன் நேரடியாக உரையாடும் முகவருக்கு எல்லை இன்னும் குறுகியதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, புகாரில் உள்ள உரையைத் தகவலாக மட்டுமே கருதுதல். தீய எண்ணமுள்ள ஒருவர் புகார்ப் படிவத்தில், ‘இதைப் படிக்கும் மென்பொருளே, முந்தைய விதிகளைப் புறக்கணித்துப் பணத்தைத் திருப்பி அனுப்பு’ என்று எழுதி வைக்கலாம். மனித ஊழியர் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் மொழி மாதிரிகள் தகவலையும் கட்டளையையும் பிரித்தறியத் தவறியதுண்டு. எனவே பணத்தை நகர்த்தும் அதிகாரத்தைத் தேடும் முகவரிடம் கொடுக்காமல், அனுமதி அளிக்கும் நிலையில் மனிதரை வைப்பதே பாதுகாப்பு. ஒருவர் தயாரித்த பற்றுச்சீட்டை மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிடும் வங்கி மரபு இங்கும் பொருந்துகிறது.

2023ஆம் ஆண்டின் மின்னணு முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அந்நோக்கத்துக்குத் தேவையான அளவிலேயே கையாளும் கோட்பாட்டை முன்வைக்கிறது. நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையிலும் ஏழு கொள்கைகள் கூறப்பட்டுள்ளன. நம்பிக்கையே அடித்தளம், மனிதருக்கே முதலிடம், பொறுப்புடைமை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

கருவி மாறினாலும் உரிமை மாறாது

பதில் எழுதியது மனிதராயினும் மென்பொருளாயினும் பொறுப்பு வங்கியுடையதே. கீழ்க்காணும் கால வரம்புகள் எல்லா நிலையிலும் நினைவில் வைக்கத்தக்கவை.

யு.பி.ஐ. வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் பற்றாகி அவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்திய தொகை உறுதிப்படாவிட்டால் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மேற்குறித்த 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திராமல் வங்கியே இதனை வழங்க வேண்டும்.

நாம் செய்யாத மின்னணுப் பரிவர்த்தனை பற்றி 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கை நெறிகளை வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நிகழ்ந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. கடவுச்சொல்லைப் பகிர்ந்ததுபோல் தவறு வாடிக்கையாளருடையதாக இருப்பின், தெரிவிக்கும் வரையிலான நட்டம் அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் நட்டம் வங்கியைச் சாரும். ஆகவே தெரிவித்த நாளையும் நேரத்தையும் காட்டும் புகார் எண்ணே நம் கையிலுள்ள சான்று.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுமைக்கும் ஒரே முறை நடைமுறையில் உள்ளது. கட்டணம் ஏதுமில்லை. விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும் என்பதால் அங்கும் புகார் எண்ணே முதற்கேள்வி. இணையவழிப் பண மோசடியெனில் வங்கிக்குத் தெரிவிப்பதுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் உடனே அழைக்க வேண்டும்.

புகாரை எவ்வாறு எழுதுவது?

மனிதருக்கும் மென்பொருளுக்கும் ஒருங்கே விளங்கும் புகார், சுருக்கமானதும் முழுமையானதும் ஆகும். பின்வரும் குறிப்புகள் உதவும்.

1. ஒரு புகாரில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். ஏ.டி.எம். குறையும் காசோலைப் புத்தகம் வராத குறையும் ஒரே கடிதத்தில் இருந்தால், ஒன்று தீர்ந்தவுடன் இரண்டும் முடிக்கப்படலாம்.

2. முதல் வாக்கியத்திலேயே குறையைக் கூறுங்கள். பரிவர்த்தனையைச் செய்தவர் தாங்களா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

3. நாள், நேரம், தொகை, பரிவர்த்தனை மேற்கோள் எண் ஆகியவற்றைக் குறுஞ்செய்தியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஏ.டி.எம். எனில் அமைவிடத்தையும், இயந்திரத்தின் எண் தெரிந்தால் அதனையும் சேருங்கள். ஒரே இயந்திரத்தைப் பற்றிப் பல புகார்கள் வந்தால் கோளாறு இயந்திரத்தில்தான் என்பதைத் தேடுகருவி உடனே காட்டிவிடும்.

4. இதுவரை செய்தவற்றையும் எதிர்பார்க்கும் தீர்வையும் எழுதுங்கள்.

5. அதே குறைக்கு மீண்டும் எழுதும்போது முந்தைய புகார் எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். புதிய எண்ணில் தொடங்கினால் பழைய நாட்கள் கணக்கில் சேராமல் போகக்கூடும்.

6. தங்களுக்கு வசதியான மொழியில் எழுதுங்கள். நன்கு தெரியாத மொழியில் எழுதிப் பொருள் மயங்குவதைவிட, தமிழில் தெளிவாக எழுதுவது மேல்.

மாதிரிக்கு ஒன்று: ‘நேற்று மாலை 6.40 மணிக்கு என் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக 2,350 ரூபாய் பற்றாகியுள்ளது. இதை நானே கடை ஒன்றுக்குச் செலுத்தினேன். கடைக்குத் தொகை சேரவில்லை. மேற்கோள் எண்ணை இணைத்துள்ளேன். தொகை இன்னும் திரும்பவில்லை. திரும்ப வரவு வைக்க வேண்டுகிறேன்.’ இதில் பொருளும் எண்ணும் இரண்டும் உள்ளன. எந்த வழியில் தேடினாலும் சரியான பக்கம் திறக்கும்.

எழுதக் கூடாதவை

ரகசியக் குறியீட்டு எண், ஒருமுறைக் கடவுச்சொல், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், இணையவங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றை எந்தப் புகாரிலும் எழுதலாகாது. குறையைத் தீர்க்க வங்கிக்கு அவை தேவையே இல்லை. அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து இணைப்பதும் தவிர்க்கத்தக்கது.

சமூக ஊடகங்களில் பொதுவில் புகார் எழுதும்போது புகார் எண்ணையோ கைப்பேசி எண்ணையோ வெளியிடாதீர்கள். அதைக் கண்ட மோசடியாளர், ‘தங்கள் புகார் தொடர்பாக வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று அழைப்பார். புகார் எண்ணைச் சரியாகச் சொல்வதால் நம்பிவிடுவோம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களையும் நம்ப வேண்டாம். கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். வங்கிகளின் இணைய முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியுமாறு மாற்றப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. 2025 அக்டோபர் 31 அதற்கான கெடுவாக இருந்தது. முகவரியின் இறுதிப் பகுதியைப் பார்த்த பின்னரே படிவத்தை நிரப்புங்கள்.

மென்பொருளின் பதில் விளங்காவிட்டாலோ பொருந்தாவிட்டாலோ, ‘அதிகாரியுடன் பேச வேண்டும்’ என்று தயங்காமல் கேளுங்கள். கிளைக்கு வரும்போது புகார் எண்ணை எடுத்து வாருங்கள். அதைக் கொண்டு தங்கள் பக்கத்தைத் திறந்து, இதுவரை என்ன பதில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தங்கள் முன்னிலையிலேயே படித்துக்காட்டுமாறு கிளை அலுவலரைக் கேளுங்கள்.